பிள்ளைகளுக்கென்று ஒரு சிறு கொட்டில்

"எங்களுக்கே ஒழுங்கான வீடு இல்லை, பாதர். அதுக்குள்ள பிள்ளையளுக்கு வேற ஒரு வீடோ?"

கிராமக் கூட்டமொன்றில் ஒரு தகப்பனார் எழுந்து நின்று இப்படிக் கேட்டார். கூடியிருந்தோர் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. ஐந்து தடவை இடம்பெயர்ந்து, ஐந்து இடத்தில் கொட்டில் போட்டு, ஐந்தையும் விட்டு வந்தவர் அவர். அன்று நான் அவருக்கு ஒழுங்கான மறுமொழி சொல்லவில்லை. வேறு விடயத்துக்குப் போய்விட்டேன். இக்கட்டுரை அவருக்கு நான் காலந்தாழ்த்திச் சொல்லும் மறுமொழியாகும். அவரைப் போன்று எண்ணும் ஏனைய பெற்றோருக்கும் இது பொருந்தும்.

வீடு, கிணறு, மலசலகூடம், விதைநெல், வேலி என்பவையே முதலில் வேண்டியவை. இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் நான் சொல்லப்போகும் கொட்டில் இவற்றில் எதனிடமிருந்தும் ஒரு சதத்தையும் பறிக்காது. சிமெந்து வேண்டாம், ஓடு வேண்டாம், கடன் வேண்டாம். வேலியோரத்துத் தடிகள், பனையிலிருந்து விழுந்த மட்டைகள், பழைய கிடுகு, கொஞ்சம் தும்புக்கயிறு, இரண்டு மூன்று நாள் மாலை நேரம் என்பன போதும். வயலில் காவற்கொட்டில் போடத் தெரிந்த எவருக்கும் இது தெரிந்த வேலைதான்.

நான் விட்ட பிழை

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். அதிலிருந்துதான் இந்த வேலையை நான் கற்றுக்கொண்டேன்.

2011ஆம் ஆண்டு, வன்னியில் மக்கள் மீளக் குடியேறிக்கொண்டிருந்த ஒரு கிராமத்தில் பணியாற்றினேன். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலிருந்து வந்த குடும்பங்கள் தறப்பாளின் கீழ் இருந்தன. பெரியவர்கள் காடு பற்றிய வளவைத் துப்புரவாக்கினார்கள். பிள்ளைகளோ பாடசாலை விட்டதும் செய்வதறியாது ஆங்காங்கே நின்றார்கள். கூட்டமாக விளையாடவும் இல்லை, தனியே இருக்க ஓர் இடமும் இல்லை. ஒரே தறப்பாளுக்குள்தான் சமையல், படுக்கை, படிப்பு, பெரியவர்களின் அழுகை, சண்டை எல்லாம்.

கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட ஒரு மரத்தடியில், இளைஞர் சிலரைச் சேர்த்துக்கொண்டு பிள்ளைகளுக்கு 'ஒளிப்பிடம்' ஒன்றை அமைத்தேன். வெயிலுக்குக் குளிர்மையாக இருக்கட்டும் என்று இரண்டடி ஆழத்துக்கு மண்ணை வெட்டினோம். வெட்டிய மண்ணைச் சாக்குகளில் நிரப்பிச் சுற்றிவர அடுக்கினோம். மேலே மரக்குற்றிகளைப் பரப்பி ஓலை போட்டோம். குனிந்து நுழைய ஒரேயொரு வாசல். வேலை முடிந்தபோது எனக்கு அது அழகாகவே தெரிந்தது.

பிள்ளைகள் கிட்ட வந்தார்கள். உள்ளே போகவில்லை. ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"பாதர், இதுக்குள்ள போனா எப்ப வெளியில விடுவீங்கள்?"

நான் என்ன கட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கட்டியிருந்தது ஒரு பங்கர். அந்தப் பிள்ளை 2009ஆம் ஆண்டில் எத்தனை பங்கருக்குள் எத்தனை இரவு இருந்தாளோ! அன்று பின்னேரமே சாக்குகளைக் கொட்டிக் குழியை மூடினோம். அடுத்த கிழமை அதே மரத்தடியில் வேறொரு கொட்டில் எழுந்தது. நிலத்துக்கு மேலே, நான்கு பக்கமும் வெளிச்சம் வர, இரண்டு வாசல் வைத்துக் கட்டினோம். இம்முறை தடி பிடித்தது முதல் ஓலை தூக்கியது வரை பிள்ளைகளும் கூட நின்றார்கள். அந்தச் சிறுமி முதல் ஆளாக ஏறினாள். பிறகு பொழுதுபட்டாலும் அவளை இறக்குவதுதான் எங்களுக்கு வேலையாயிற்று.

ஒளிதல் இரண்டு வகை

பயத்தினால் ஒளிவது ஒன்று. விளையாட்டாக ஒளிவது மற்றொன்று. பயத்தினால் ஒளியும் பிள்ளைக்கு வெளியே வரும் நேரத்தை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். விளையாட்டாக ஒளியும் பிள்ளை தான் நினைத்தபோது உள்ளே போகிறது, தான் நினைத்தபோது 'இந்தா நிக்கிறன்' என்று வெளியே பாய்கிறது. முதலாவதை மட்டுமே அறிந்த பிள்ளைக்கு இரண்டாவதைக் காட்டிக் கொடுப்பது பெரிய காரியம்.

இது எனக்குப் புத்தகத்தில் வந்த அறிவல்ல. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நான் பன்னிரண்டு வயதுப் பையன். பாடசாலை வகுப்பறை ஒன்றில் ஏழு குடும்பங்களோடு இருந்தோம். ஒரு மூலையில் வாங்கு மேசைகள் நான்கை ஒன்றாகத் தள்ளி, அம்மம்மாவின் பழைய சேலையை மேலே போட்டு, நானும் தம்பியும் அதற்கடியில் 'வீடு' வைத்தோம். அந்த இரண்டு முழ இடத்துக்குள் யாரை விடுவது, யாரை விடாமல் இருப்பது என்பதை நாங்களே முடிவு செய்தோம். அந்நாளில் எங்கள் தகப்பன்மாருக்கும் கிடைக்காத அதிகாரம் அது! அம்மம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் சேலையைத் தட்டி, "வரலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தலையை நீட்டுவார். அந்தச் சேலைக்கு அவர் கொடுத்த மரியாதை இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

எந்த நாட்டுப் பிள்ளைக்கும் இந்த ஆசை உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலும், கரிபியன் கடலிலுள்ள கரியாக்கோ என்னும் சிறு தீவிலும் பிள்ளைகளின் ஒளிப்பிடங்களைத் தேடிச் சென்று பார்த்து, 1993ஆம் ஆண்டு நூலாக எழுதினார். ஒன்று வசதியான நாடு, மற்றது எளிய விவசாயிகளும் மீனவரும் வாழும் தீவு. இரண்டிலும் ஆறேழு வயது முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகள் பற்றைக்குள்ளும் மரத்தடியிலும் தங்களுக்கென்று சிறு கொட்டில்கள் வைத்திருந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுத்து அவர்கள் கட்டவில்லை.

விளையாட்டைச் சலுகையாகவும் எண்ண வேண்டியதில்லை. ஐக்கிய நாடுகள் சபை 1989ஆம் ஆண்டு நிறைவேற்றிய சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை 1991ஆம் ஆண்டு அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. அச்சமவாயம் முகாமில் இருக்கும் பிள்ளைக்கும் இரவற் காணியில் இருக்கும் பிள்ளைக்கும் ஒன்றேதான்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கொட்டில் மருந்தல்ல. இரவில் அலறி எழும்புகிற, பேச்சை நிறுத்திவிட்ட, நெடுநாளாகச் சாப்பாட்டை வெறுக்கிற பிள்ளையை மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். அதில் வெட்கம் எதுவுமில்லை.

இடம் தெரிதல்

குசினியில் நிற்கும் தாயின் கண்ணுக்கு எட்ட வேண்டும். காதுக்கு எட்டக் கூடாது. இதுதான் இடத்தைத் தெரிவதற்கான முதல் விதி. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும், என்ன கதைக்கிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

கிணற்றடியை விட்டு விலகி இருக்க வேண்டும். கட்டு இல்லாத கிணறு உள்ள வளவில் முதலில் கிணற்றைச் சுற்றி வேலி அடையுங்கள், கொட்டில் பிறகு பார்க்கலாம். தென்னை மரத்துக்குக் கீழே கட்டாதீர்கள், தேங்காயும் மட்டையும் விழும். காவோலை தொங்கும் பனைக்குக் கீழும் வேண்டாம். வேம்பு, மா, புளி போன்ற மரங்களின் நிழல் நல்லது. பட்ட கொப்புகளை முன்னரே வெட்டிவிடுங்கள். சோளகம் தென்மேற்கிலிருந்தும், வாடை வடகிழக்கிலிருந்தும் வீசும். எனவே பெரிய வாசலைத் தென்கிழக்குப் பார்த்து வைத்தால் காற்றும் மழையும் நேரே அடிக்காது.

மீளக் குடியேறிய காணிகளில் இன்னுமொரு கவனம் வேண்டும். கண்ணிவெடி அகற்றும் பணி முற்றாக முடியாத இடங்கள் இன்னமும் உண்டு. துப்புரவாக்கி ஒப்படைக்கப்பட்ட நிலத்தில் மட்டுமே குழி தோண்டுங்கள். பழைய பங்கர்களிலும் மண் அணைகளிலும் மரம், தகரம், கம்பி எடுக்கப் போகாதீர்கள், பிள்ளைகளை அனுப்பவும் வேண்டாம். அறியாத பொருள் கண்ணிற் பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

என்ன மரம்?

கப்புக்குப் பூவரசு நல்லது. கவருள்ள கொப்பு அதில் இலகுவாகக் கிடைக்கும். வேம்பும் உதவும். மூன்று முதல் நான்கு அங்குலப் பருமன் போதும். காட்டு மரம் வெட்டப் போகாதீர்கள். பனை, பலா போன்ற மரங்களை அனுமதியின்றித் தறிப்பதும் குற்றம். வேலியைக் கத்தரிக்கும் போது கிடைக்கும் தடிகளே இதற்குத் தாராளம்.

தளத்துக்கு இடிந்த வீட்டுக் கூரையில் கழற்றிய பழைய பனஞ் சிலாகை மிகச் சிறந்தது. வைரம் பாய்ந்த பனையைக் கறையான் இலகுவில் தொடாது. ஆணிகளை ஒன்றும் மிச்சம் விடாமல் பிடுங்கி எடுங்கள். சிலாகை இல்லாவிடில் கமுகைப் பிளந்து போடலாம். பனை மட்டையும் உதவும். ஆனால் இரு பக்கக் கருக்கையும் சீவித் தேய்க்காமல் ஒரு மட்டையும் கொட்டிலுக்குள் போகக் கூடாது.

கூரைக்குக் கிடுகு, பனையோலை, இலுக்குப் புல் எதுவும் ஆகும். தகரம் பகலில் அடுப்பாகக் கொதிக்கும், விளிம்பும் வெட்டும். உடைந்த அஸ்பெஸ்டஸ் சீற்றுத் துண்டுகளைக் கட்டாயம் தவிருங்கள். அதன் தூசு நெஞ்சுக்குள் போய்ப் பல வருடங்களின் பின் பெரும் நோயைத் தரும்.

கட்டுவதற்குத் தும்புக்கயிறும், பழைய சைக்கிள் ரியூப்பை ஓரங்குல அகலத்தில் நீளமாக வெட்டிய பட்டியும் வேண்டும். றப்பர்ப் பட்டி இழுத்துக் கட்டினால் தளராது. ஆணி குறைவாக இருந்தால் கை கால் கீறுவதும் குறைவு.

சீமைக்கிளுவைத் தடிகளைப் பச்சையாக நட்டால் துளிர்த்துக் கொட்டிலுக்கு உயிர்வேலி ஆகும். குழை ஆட்டுக்கும் வயலுக்கும் உதவும். ஆனால் அதன் பட்டையிலும் விதையிலும் நஞ்சு உண்டு. வாயில் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

அளவும் வேலையும்

நான்கைந்து பிள்ளைகள் இருக்க ஆறடி நீளம், ஐந்தடி அகலம் போதும். பெரியவர்கள் நிமிர்ந்து நிற்க முடியாதிருப்பதே அழகு. அப்போதுதான் அது பிள்ளைகளின் இடம்.

தேவையானவை: ஆறரை அடி மூலைக் கப்பு 4, ஒன்பது அடி முகட்டுக் கப்பு 2, மூன்றடிக் குட்டைக் கவர்க் கப்பு 6, ஏழடித் தடி 2, ஐந்தரை அடிக் குறுக்குத் தடி 7, எட்டடி வளை 3, ஐந்தடிக் கைமரம் 8, எட்டடி வரிச்சு 10, ஆறடிச் சிலாகை ஏறத்தாழ 24, கிடுகு ஏறத்தாழ 40, முகட்டை மூட இன்னும் சில. சுவருக்குச் சில்லறைத் தடிகள்.

முதலாவது, நிலத்திற்குள் போகும் இரண்டடியையும் அதற்கு மேல் அரை அடியையும் நெருப்பில் வாட்டி, மேற்பரப்பு கறுக்க எடுங்கள். கறையானும் ஈரமும் கெதியில் பிடிக்காது. கழிவு ஒயில் பூசும் வழக்கம் உண்டு. பிள்ளையின் கை படும் பகுதியில் அதைப் பூச வேண்டாம்.

இரண்டாவது, கயிறு பிடித்து 6 x 5 அடிச் சதுரத்தை நிலத்தில் குறியுங்கள். மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக, ஏறத்தாழ 7 அடி 10 அங்குலம் வர வேண்டும். வராவிட்டால் சதுரம் கோணல். மூலைக் கப்பு நான்கையும், அகலப் பக்கம் இரண்டின் நடுவே முகட்டுக் கப்புகளையும் இரண்டடி ஆழத்தில் நட்டு, கல்லும் மண்ணும் போட்டு அலவாங்கால் இடித்து இறுக்குங்கள்.

மூன்றாவது, நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் மூன்று குட்டைக் கப்புகளை ஒன்றரை அடி ஆழத்தில் நடுங்கள். கவர் நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நிற்கும். அதன் மேல் ஏழடித் தடியை வைத்து மூலைக் கப்போடு சேர்த்துக் கட்டுங்கள். தளத்தின் பாரம் கவரில்தான் இறங்க வேண்டும். கயிற்றை மட்டும் நம்பித் தளத்தைத் தொங்க விடாதீர்கள். பின்னர் அடிக்கு ஒன்றாகக் குறுக்குத் தடிகளையும், அவற்றின் மேல் அரை அங்குல இடைவெளி விட்டுச் சிலாகைகளையும் பரப்பிக் கட்டுங்கள்.

நான்காவது, பிள்ளைகள் ஏறுமுன் மூன்று பெரியவர்கள் ஒன்றாக ஏறி நின்று ஆடிப் பாருங்கள். முறுகினால் அந்த இடத்தைப் பலப்படுத்துங்கள்.

ஐந்தாவது, பக்க வளை இரண்டையும் மூலைக் கப்புகளின் மேலும், முகட்டு வளையை நடுக் கப்புகளின் மேலும் வைத்துக் கட்டுங்கள். பக்கத்துக்கு நான்கு கைமரம், அவற்றின் மேல் அடிக்கு ஒரு வரிச்சு. கிடுகைக் கீழிருந்து மேலாக, ஒன்றின் பாதியை அடுத்தது மூடும்படி வேயுங்கள். இந்த அளவில் கூரை நல்ல சரிவாக வரும், மழைநீர் தங்காது.

ஆறாவது, தளத்திலிருந்து இரண்டடி உயரத்துக்கு மட்டும் தடிகளைக் கட்டிச் சுவர் அமையுங்கள். அதற்கு மேலே ஓரடி திறந்தே இருக்கட்டும். வெளிச்சமும் காற்றும் வரும். தடிகளுக்கிடையே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். அதைவிடப் பெரிதாக விடுவதானால் ஒன்பது அங்குலத்துக்கு மேல் விடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட இடைவெளியில் சிறு பிள்ளையின் உடல் நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். அகலப் பக்கங்கள் இரண்டிலும், முகட்டுக் கப்புக்கு ஒரு பக்கமாக, இரண்டடி அகலத்தில் ஒவ்வொரு வாசல் வையுங்கள். ஒரு வாசல் போதும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பின்வாசல் தெரிகிறது என்ற தைரியத்தில்தான் சில பிள்ளைகள் முன்வாசலால் நுழைவார்கள்.

காணி சொந்தமில்லையா?

இரவற் காணியிலும் உறவினர் வளவிலும் இருப்பவர்கள், "நாளைக்கு எழும்பச் சொன்னா என்ன செய்யிறது?" என்று கேட்பது நியாயமே. அவர்களுக்கு நிலத்தில் குழி வேண்டாம். நான்கு தடித்த கால்களில் ஒரு பெரிய கட்டிலைப் போலத் தளத்தைச் செய்யுங்கள். ஐந்தடிக்கு நான்கடி போதும், உயரம் ஓரடி. ஒவ்வொரு பக்கமும் காலுக்குக் கால் சரிவாக ஒரு தடியைக் கட்டினால் ஆடாது. நான்கு மூலையிலும் தடி நிறுத்தி, முகட்டில் ஒரு தடி போட்டு, கிடுகையோ பழைய சேலையையோ விரித்தால் கொட்டில் ஆயிற்று. பலத்த காற்றில் புரளாதிருக்க நான்கு மூலையையும் முளை அடித்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கூரையைக் கழற்றிப் படுக்க வையுங்கள்.

எழும்ப வேண்டி வந்தால் கட்டை அவிழ்த்து, தடிகளை ஒரு கட்டாகக் கட்டி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றலாம். பழைய இடத்திலிருந்து தனக்குரிய ஒன்றும் கூட வருகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்தால், புதிய இடம் அவ்வளவு அந்நியமாக இராது. தடிகளில் எது எங்கே வரும் என்று கரியால் இலக்கமிடும் பொறுப்பைப் பிள்ளையிடமே விடுங்கள்.

பிள்ளைகளே கட்டட்டும்

பெரியவர்கள் கட்டி முடித்துத் திறப்பு விழா வைக்கும் கொட்டில் பெரியவர்களுடையதாகவே இருக்கும். இதை டென்மார்க் நாட்டுப் பூங்காக் கலைஞர் சோரன்சன் என்பவர் கண்டார். தாம் அழகாக அமைத்துக் கொடுத்த விளையாட்டிடங்களை விட்டுவிட்டு, கட்டட வேலை நடக்கும் இடத்துப் பலகைகளிலும் கழிவுகளிலும் பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்தார். 1943ஆம் ஆண்டு, அந்நாடு ஜேர்மனிய இராணுவத்தின் பிடியில் இருந்த காலத்திலேயே, கோப்பன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில் பழைய பலகை, கயிறு, கல் முதலியவற்றோடு ஒரு வெளியிடம் பிள்ளைகளுக்கு விடப்பட்டது. தாங்களே கொட்டில் கட்டினார்கள், பிரித்தார்கள், மீண்டும் கட்டினார்கள். 1946இல் அதைப் பார்த்த ஆங்கிலேயப் பெண்மணி லேடி அலன், குண்டு விழுந்த இலண்டன் வெற்று நிலங்களிலும் அதுபோன்ற இடங்கள் உருவாக உழைத்தார்.

எமது நாட்டிலும் இத்தகைய அனுபவம் உண்டு. மட்டக்களப்பில் 1996ஆம் ஆண்டு, போர் நடந்த காலத்தில், இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணாத்திப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் அங்கே வந்து மண்ணிலும் நிறங்களிலும் கதைகளிலும் ஒன்றாக ஈடுபட்டார்கள்.

எனவே, கப்பு நடுவதும் தளம் கட்டுவதும் பெரியவர் வேலை. கயிறு பிடிப்பது, கருக்குச் சீவிய மட்டையை மணலால் தேய்ப்பது, சுவர்த் தடி கட்டுவது, எங்கே யன்னல் என்று சொல்வது எல்லாம் பிள்ளைகள் வேலை. கோணலாகக் கட்டினாலும் அவிழ்த்துத் திருத்தாதீர்கள். விழுந்துவிடும் என்றால் மட்டும் காரணத்தைச் சொல்லி, சேர்ந்து கட்டுங்கள். பெண் பிள்ளைகளைக் கூட்டிப் பெருக்க மட்டும் விடாமல், அலவாங்கையும் கையில் கொடுங்கள்.

பாதுகாப்பு

கதவு வேண்டாம், பழைய சாக்கோ சேலையோ திரையாகத் தொங்கினால் போதும். தாழ்ப்பாள் கூடவே கூடாது. பிள்ளைகள் கூப்பிட்டாலொழியப் பெரியவர்கள் உள்ளே போக வேண்டாம். இளைஞரோ அயலவரோ உறவினரோ, எந்தப் பெரியவரும் பிள்ளையோடு தனியே அதற்குள் இருக்க இடமளியாதீர்கள். அப்படி யாராவது கூப்பிட்டால் உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குப் பழக்குங்கள். சுவரின் மேற்பகுதியைத் திறந்து விடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொட்டிலின் கீழும் சுற்றிவர ஆறடிக்கும் புல் பற்றை இல்லாமல் செருக்கி வையுங்கள். விறகும் கல்லும் அங்கே குவியாதீர்கள். புடையனும் சுருட்டையும் அதற்குள்தான் வரும். இரவில் அங்கே படுக்க விடாதீர்கள். பிள்ளைகள் ஏறுமுன் தடியால் தளத்தில் தட்டிப் பார்க்கப் பழகட்டும். விளையாட்டுக்கு வைக்கும் சிரட்டை, ரயர், தகரப்பேணி என்பவற்றில் மழைநீர் தங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். கவிழ்த்து வைக்க வேண்டும், ரயரில் துளையிட வேண்டும். குப்பி விளக்கும் நெருப்பும் நுளம்புத் திரியும் உள்ளே வேண்டாம். சோறுகறிச் சமையல் மணலிலேயே நடக்கட்டும். கழுத்தில் மாட்டக்கூடிய கயிற்றுத் தொங்கல்களை அறுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை கட்டுகளை இழுத்துப் பாருங்கள், மாரிக்கு முன் கிடுகை மாற்றுங்கள்.

அந்தத் தகப்பனார்

முதலிற் சொன்ன தகப்பனார் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அந்த ஆண்டு சிறுபோக அறுவடை முடிந்து ஒரு கிழமையில் அவருடைய வளவுப் பக்கமாகப் போனேன். வயலில் பன்றிக்குக் காவலிருந்த கொட்டிலைப் பிரித்துக்கொண்டு வந்து முற்றத்து வேம்பின் கீழ் தாழ்வாகப் போட்டிருந்தார். அவருடைய மகன்கள் இருவரும் பக்கத்து வளவுப் பிள்ளை ஒருத்தியும் அதற்குள் இருந்தார்கள். நான் கிட்டப் போனதும் திரைக்குப் பின்னாலிருந்து, "ஆர்?" என்று ஒரு குரல் அதட்டியது. பேரைச் சொன்னேன். உள்ளே கொஞ்ச நேரம் ஆலோசனை நடந்தது. "இப்ப ஏலாது, பிறகு வாங்கோ" என்றார்கள்.

தகப்பனார் வேலியடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னையும் உப்பிடித்தான் நிப்பாட்டிப் போட்டாங்கள், பாதர்" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

மாரி தொடங்க ஐப்பசியாகும். ஆவணி, புரட்டாசிக்குள் கூரையை முடித்துவிட வேண்டும். வேலி கத்தரிக்கும்போது நேரான தடிகளை விறகுக்குப் போடாமல் ஒரு பக்கம் எடுத்து வையுங்கள். அதற்கு முன், இன்றைக்குப் பின்னேரம் உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வளவை ஒருமுறை சுற்றி வாருங்கள். "உனக்கு ஒரு கொட்டில் போடுறதெண்டா எந்த இடம் நல்லது?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை கையைக் காட்டும் இடத்தில் முதல் முளையை அடியுங்கள்.